வளையல் நெகிழும்போது: அறுவை நோயாளியின் தட்டும் உணவுத் தரக் கொள்கையும்

பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவருக்கு வயது 72. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்த அன்றே ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டார்கள். நிற்க முடியாதவர் என்பதால் எடை மட்டும் பார்க்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் வாயில் ஒன்றும் போடக்கூடாது என்றார்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, அவசரக் கேஸ் வந்துவிட்டது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அன்று இரவும் அதே பட்டினி. அதற்கு மறுநாள் ஆபரேஷன் நடந்தது. குறை சொல்ல முடியாதபடி நடந்தது. பிறகு வேளாவேளைக்குத் தட்டு வந்தது. மூடி போட்டு, கட்டில் பக்கத்து லாக்கர் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். மல்லாந்து படுத்திருப்பவருக்கு அது எட்டாது. துணைக்கு இருந்த பெண் மருந்துக் கடைக்கோ பில் கட்டவோ போயிருந்தால், ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தட்டு திறக்கப்படாமலே திரும்பிப் போகும்.

பத்தாம் நாள் ஊரிலிருந்து வந்த என் அம்மா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னக்கா, வளையல் முழங்கை வரைக்கும் ஓடுதே" என்றார். பத்து நாள் கேஸ் ஷீட்டில் காய்ச்சலும் நாடித்துடிப்பும் சிறுநீரின் அளவும் எழுதப்பட்டிருந்தன. அம்மா சொன்னது அதில் எங்கும் இல்லை.

உடல் மெலிவதை வளை நெகிழ்வதைக் கொண்டு அறிந்த மொழி நம்முடையது. சங்கப் பாடல்களின் தலைவிக்குப் பிரிவு நேர்ந்தால் முதலில் கழல்வது வளைதான். அந்தப் பார்வையை அறுவை சிகிச்சை அறிவியல் எண்களாக எழுதத் தொடங்கி ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகின்றன. நோயாளி எவ்வளவு எடை இழந்து வந்தார், எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தார், தட்டில் இருந்ததில் எவ்வளவு அவர் வாய்க்குள் போயிற்று என்னும் மூன்று கேள்விகளுக்கும் அவர் பிழைப்பதற்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. உணவின் தரத்தைப் பற்றிப் பேசும் நம் கொள்கைகளோ சமையலறை வாசலோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நோயாளியின் வாய் வரை உள்ள தூரத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை.

எடை என்னும் முதல் சாட்சி

1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹிராம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர், நாள்பட்ட இரைப்பைப் புண்ணுக்காக அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை எடுத்துவைத்துப் பார்த்தார். சிலர் இறந்திருந்தார்கள். ஏன் இறந்தார்கள் என்பதற்கு வயது, இதயத்தின் நிலை, அறுவையின் வகை என்று ஒவ்வொன்றாகத் தேடினார். எல்லாவற்றையும்விடத் துலக்கமாக நின்றது அறுவைக்கு முன் அவர்கள் இழந்திருந்த எடை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அந்த அளவுக்கு இழக்காதவர்களில் இறந்தவர்கள் 100க்கு நான்கு பேருக்கும் குறைவு. ஆண்டிபயாடிக் மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலத்துக் கணக்கு இது. ஆனால் மருந்துகள் வந்த பிறகும் கணக்கின் திசை மாறவில்லை.

ஏன் இப்படி என்பதற்கான விடை அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் கிடைத்துக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பர்ட்சன் என்ற உயிர்வேதியியலாளர், எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜனை அளந்தார். நைட்ரஜன் புரதத்தின் அடையாளம். உடைந்த இடத்துச் சதை மட்டும் கரைந்திருந்தால் வெளியேறியிருக்கக்கூடிய அளவைவிட மிக அதிகமாக அது வெளியேறிக்கொண்டிருந்தது. அடிபட்டது காலில் என்றாலும் உடல் முழுவதும் தன் தசையை உடைத்துச் செலவழித்துக்கொண்டிருந்தது. அறுவையும் உடலுக்கு ஒரு காயம்தான். புண்ணை மூடவும் கிருமியை எதிர்க்கவும் தேவையான அமினோ அமிலங்களை உடல் தன் தசையிலிருந்து கடன் வாங்குகிறது. நடமாட்டம் இல்லாமல் கிடப்பது அந்தக் கடனுக்கு வட்டி. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவை ஒட்டிய தசை குறைந்திருந்தது. ஏற்கெனவே தசை வற்றி வந்தவரிடம் கடன் வாங்க என்ன இருக்கும்?

ஒரு தனிச் சத்தின் குறையே புண்ணை மூடவிடாமல் செய்யும் என்பதைத் தன் உடம்பிலேயே காட்டியவர் ஜான் கிராண்டன். பாஸ்டன் நகரின் இளம் அறுவை மருத்துவர். 1939இல் வைட்டமின் சி அறவே இல்லாத உணவை உண்ணத் தொடங்கி ஆறு மாதம் அதிலேயே இருந்தார். மூன்றாம் மாதம் அவர் முதுகில் ஒரு கீறல் போட்டுத் தைத்தார்கள், ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் இன்னொரு கீறல் போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது மேல்தோல் கூடியிருந்தது. உள்ளே இணைப்புத்திசு உருவாகவில்லை, வெறும் ரத்தக் கட்டியே இருந்தது. ஊசி வழியாக வைட்டமின் சி கொடுத்த பத்து நாளில் அதே புண் உள்ளேயும் கூடியது. அதே உணவுதான் தொடர்ந்தது. கூட்டியது அந்த ஒரு சத்தை மட்டும். 1940இல் இது அச்சில் வந்தது. வெளியே ஆறியதுபோல் தோன்றும் தையலின் அடியில் என்ன நடக்கிறது என்பதை உணவு தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று இல்லை.

கண்ணெதிரே இருந்தும் காணாமல்

இவ்வளவும் தெரிந்த பிறகு மருத்துவமனைகள் நோயாளியின் எடையை முதலில் பார்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1974இல் அலபாமாவின் மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த், மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள் பட்டினியால் நலிகிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் கிடப்பவர்கள், பரிசோதனைக்காகச் சாப்பாடு தவறியவர்கள், எடையும் உயரமும் குறிக்கப்படாதவர்கள் எனப் பட்டியலிட்டார். அதே ஆண்டில் பாஸ்டனில் பொது அறுவைப் பிரிவு நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புரதக் குறை இருப்பதாகச் சொன்னார்கள்.

இருபது ஆண்டு கழித்து, 1994இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 500 நோயாளிகளைச் சேர்க்கும்போதே அளந்தார்கள். பொது அறுவை, எலும்பு அறுவை உட்பட ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு நூறு பேர். 500 பேரில் 200 பேர் ஊட்டம் குறைந்தவர்கள். இந்த 200 பேரில் 96 பேரின் கேஸ் ஷீட்டில்தான் ஊட்டத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் பலர் மேலும் மெலிந்தார்கள். தனியாக ஊட்டச்சத்துக் கவனிப்புக்கு அனுப்பப்பட்ட பத்தே பேர் சராசரியாக 7.9 விழுக்காடு எடை கூடினார்கள். கவனித்தால் தேறுகிறார்கள், கவனிக்காவிட்டால் கரைகிறார்கள். இது நடந்தது பொது மருத்துவ சேவை நன்கு நடக்கும் ஒரு வளமான நாட்டில் என்பதை மறந்துவிடக்கூடாது.

எடை பார்க்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரிட்டனில் 2003 முதல் பயன்படும் ஊட்டக்குறைச் சோதனைமுறை, நோயாளி நிற்க முடியாதபோது மேற்கையின் சுற்றளவை அளக்கச் சொல்கிறது. 23.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் உயரத்துக்கேற்ற எடை அவரிடம் இல்லை என்று கருத வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். என் அம்மா வளையலால் செய்ததையே அந்த நாடா செய்கிறது.

பருத்த உடலில் வளை நெகிழாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை உடையவர்கள். கொழுப்பின் அடியில் தசை வற்றியிருப்பதைக் கண் கண்டுபிடிக்காது. "கடைசி ஆறு மாசத்துல உடம்பு இளைச்சீங்களா? சாப்பாடு குறைஞ்சுதா?" என்ற கேள்விகளைக் குண்டானவர்களிடமும் கேட்க வேண்டும்.

நள்ளிரவுப் பட்டினியின் கதை

அறுவைக்கு முன் பட்டினி இருக்கச் சொல்வதற்கு உறுதியான காரணம் உண்டு. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இதை முறையாக எழுதியவர் நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன். 1932 முதல் 1945 வரை ஒரே மருத்துவமனையில் நடந்த 44,016 பேறுகாலங்களை ஆராய்ந்து 1946இல் வெளியிட்டார். 66 பேருக்கு இரைப்பைப் பொருள் நுரையீரலுக்குள் போயிருந்தது. இரண்டு தாய்மார்கள் இறந்திருந்தார்கள். இருவரும் திட உணவு அடைத்து மூச்சுத் திணறியவர்கள்.

அவர் எச்சரித்தது திட உணவையும் இரைப்பை அமிலத்தையும் பற்றி. அது நாளடைவில் தண்ணீருக்கும் நீட்டப்பட்டு, இரவு பன்னிரண்டுக்கு மேல் எதுவுமே கூடாது என்ற பொதுக் கட்டளையாயிற்று. நோயாளிகளிடம் சொல்ல எளிது, பட்டியலை மாற்றிப்போடவும் வசதி. வேடிக்கை என்னவென்றால், 1883இலேயே அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், வயிற்றில் திட உணவு இருக்கலாகாது, ஆனால் இரண்டு மணி நேரம் முன்னதாக ஒரு கோப்பைத் தேநீர் நல்லது என்று எழுதியிருந்தார். நூறாண்டுக்குப் பின் அவர் சொன்னதே ஆய்வில் நிலைநாட்டப்பட்டது. 1986இல் கனடாவில் செய்த சோதனையில், அறுவைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் 150 மில்லி தண்ணீர் குடித்தவர்களின் இரைப்பையில், ஒன்றும் குடிக்காதவர்களைவிட அதிக நீர் தேங்கியிருக்கவில்லை. வெறும் தண்ணீர் இரைப்பையை விட்டு விரைவில் இறங்கிவிடும். 1999இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் வழிகாட்டியை மாற்றியது: தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் நான்கு மணி, இலேசான உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை.

இந்த மாற்றம் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் பட்டியலில் முதலாவதாக இருப்பவருக்கும் கடைசியாக இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் பட்டினி தொடங்குவது பல வார்டுகளில் இன்னும் வழக்கம். இரவு பத்து மணிக்கே நிறுத்திவிட்டால், மாலை நான்கு மணிக்கு உள்ளே போகும் மூதாட்டி பதினெட்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருக்கிறார். ஈரல் சேமித்துவைத்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துபோகும். அதற்குள் உடல் தசையைக் கரைக்கத் தொடங்கிவிடும். கத்தி படுமுன்பே நோயாளி நலிகிறார். அவசர அறுவை, கட்டுப்படாத சர்க்கரை, இரைப்பை மெதுவாக இறங்கும் நோய் போன்றவற்றில் நேரத்தை மயக்க மருந்து நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு இரவெல்லாம் நா வறளக் கிடக்கும் தேவை இல்லை.

1990களில் கோபன்ஹேகனின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட், பட்டினியைக் குறைத்து, வலியை நன்கு அடக்கி, சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்து, அன்றே உண்ணக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். குடல் அறுவைக்குப் பின் பத்து நாள் கிடந்தவர்கள் சில நாட்களில் வீடு திரும்பினார்கள். அந்த வழியில் 2001இல் எடின்பரோவின் கென் ஃபியரன், ஸ்டாக்ஹோமின் ஓலே லியூங்க்விஸ்ட் ஆகியோர் திரட்டிய குழுவின் நெறிமுறைகள் இப்போது பல வகை அறுவைகளுக்கும் வந்துவிட்டன. சிசேரியன் ஆன தாய்க்கு இரண்டு மணி நேரத்துக்குள் வழக்கமான உணவு கொடுக்கலாம் என்பதும் அவற்றுள் ஒன்று.

தட்டில் எவ்வளவு, வாயில் எவ்வளவு

அறுவைக்குப் பின் நம் ஊர்களில் நடப்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய ஊட்டவியல் சங்கத்தின் 2017 வழிகாட்டி, அறுவை நோயாளிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் புரதம் என்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 75 கிராம். காலையில் இரண்டு துண்டு பிரெட்டும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தால் ஏறக்குறைய 10 கிராம். மதியம் குழைந்த ரசஞ்சோறு ஒரு கிண்ணம், 4 கிராம். மாலை தேநீரும் பிஸ்கட்டும், 2 அல்லது 3. இரவு இரண்டு இட்லி, 4 கிராம். மொத்தம் 20ஐ ஒட்டி நிற்கிறது. நல்ல பால், சுத்தமான அரிசி, கலப்படமில்லாத மாவு. உணவு ஆய்வாளர் எந்த மாதிரியை எடுத்தாலும் குறை காண மாட்டார். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

இதன் மேல் வருகிறது பத்தியம். தையல் போட்ட புண்ணுக்குப் பருப்பு ஆகாது, முட்டை சேர்த்தால் சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் அரிக்கும், தயிர் குளிர்ச்சி. இதைச் சொல்பவர்கள் அந்த நோயாளி மீது அளவற்ற அன்பு வைத்தவர்கள். பத்தியம் என்ற கருத்திலும் ஆழமான உண்மை உண்டு: நோயாளியின் உணவு மருந்தோடு சேர்ந்தது, அதைத் தனிக் கவனத்தோடு சமைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பிழை பட்டியலில் நேர்ந்திருக்கிறது. சீழ் வருவது கிருமியால். அந்தக் கிருமியோடு போராட உடலுக்குத் தேவையான புரதத்தைத் தருவது அந்தப் பருப்பும் முட்டையும் தயிரும்தான். பெரியம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதிய முட்டை, மூன்று வாரம் வேறு யாரோ சாப்பிடும்படி ஆயிற்று. "தையல் பிரிச்சப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள் வீட்டில். எதிர்த்துப் பேச எனக்கும் அப்போது தெரியவில்லை. தவறு எங்கள் எல்லோருடையதும்.

இப்போது வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2006இல் வெளிவந்தது. பெரியம்மாவைப் போல இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட 302 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு அதோடு உணவு உதவியாளர் ஒருவர். அவர் ஊசி போடுபவரோ மருந்து எழுதுபவரோ அல்லர். எது பிடிக்கும் என்று கேட்பார், தட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பார், மூடியைத் திறப்பார், தேவைப்பட்டால் ஊட்டுவார், இடைவேளையில் சத்துப் பானம் கொடுப்பார், எவ்வளவு சாப்பிட்டார் என்று குறிப்பார். வழக்கமான கவனிப்பில் அந்த வார்டிலேயே இறந்தவர்கள் 10.1 விழுக்காடு. உணவு உதவியாளர் இருந்த குழுவில் 4.1 விழுக்காடு. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 22.9 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 13.1.

புதிய மருந்து ஒன்று இந்த அளவு உயிர்களைக் காத்திருந்தால் உலகம் முழுவதும் அதன் பெயர் தெரிந்திருக்கும். இங்கே காத்தது ஓர் ஆளின் நேரமும் கையும். ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு, அதை ஒரே அடியாக எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது என்று ஆய்வறிஞர்கள் எச்சரிப்பது முறைதான். ஆயினும் வேறு வகை நோயாளிகளிடமும் இதே திசை தெரிகிறது. சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில் 2,000க்கும் மேற்பட்ட பொதுமருத்துவ நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஆளுக்கேற்ற உணவுத் திட்டம் பெற்றவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 7 விழுக்காடு. வழக்கமான மருத்துவமனை உணவு பெற்றவர்களில் 10 விழுக்காடு.

அளவு மீறினால்

உணவு நல்லது என்றால் நிறைய ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 1991இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 395 நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் ரத்தநாளம் வழியாக முழு ஊட்டமும் ஏற்றிப் பார்த்தார்கள். கடுமையாக நலிந்திருந்தவர்களுக்கு மட்டுமே பயன் இருந்தது. மற்றவர்களுக்குக் கிருமித்தொற்று கூடியது. 2011இல் பெல்ஜியத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் 4,640 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும், குடல்வழி உணவு போதாத முதல் வாரத்தில் அவசரப்பட்டு ரத்தநாளம் வழியாக ஊட்டம் ஏற்றப்பட்டவர்களைவிடப் பொறுத்திருந்து ஏற்றப்பட்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறும்.

ஆகவே ஆய்வுகள் கைகாட்டும் இடம் நடுவழி. யார் நலிந்தவர் என்று முதலில் கண்டுபிடிப்பது. கடுமையாக நலிந்தவருக்கு, அவசரம் இல்லாத அறுவையாயின் 7 முதல் 14 நாள் வரை தள்ளிவைத்தாவது ஊட்டுவது. குடல் வேலை செய்யும்வரை வாய் வழியாகவே கொடுப்பது. கொடுத்தது உள்ளே போயிற்றா என்று பார்ப்பது. இவற்றில் எதற்கும் பெரிய கருவி தேவையில்லை.

தரம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இந்தியாவின் உணவுச் சட்டம் நஞ்சைத் தடுப்பதற்காகப் பிறந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு. கலப்படத்துக்கு எதிராக நடந்த போராட்டம் சிறியதன்று. அதைக் குறைத்துப் பேசக்கூடாது. அண்மைக் காலத்தில் இந்தச் சட்டத்தின் கை சத்தை நோக்கியும் நீண்டிருக்கிறது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் உச்சவரம்பு 2022இல் 2 விழுக்காடாகக் குறைந்தது. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020இல் விதி வந்தது. பள்ளிப் பிள்ளையின் தட்டைச் சட்டம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது அடையாளம். நோயாளியின் தட்டையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. 2019இல் மருத்துவமனைகளுக்கு வந்த சாண்ட்விச்களில் லிஸ்டீரியா கிருமி பரவி ஏழு நோயாளிகள் இறந்தார்கள். அதன்பின் அரசு நியமித்த மறுஆய்வுக்குழு 2020இல் அறிக்கை அளித்தது. கிருமி எப்படி வந்தது என்பதோடு அது நிற்கவில்லை. சமைப்பவர், செவிலியர், ஊட்டவியலாளர், நிர்வாகி எல்லோரையும் நோயாளியின் உணவுக்குப் பொறுப்பாக்கியது. 2022இல் வந்த தேசியத் தரவிதிகளின்படி ஒவ்வொரு மருத்துவ அமைப்பும் உணவுக்குப் பொறுப்பான இயக்குநர் ஒருவரையும், உணவுக்கென்றே ஓர் ஊட்டவியலாளரையும், உணவுப் பாதுகாப்பு நிபுணர் ஒருவரையும் பெயர் சொல்லி வைத்திருக்க வேண்டும். வீணாகும் உணவை அளக்க வேண்டும். வீணான உணவை அளப்பது செலவுக் கணக்குக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். திரும்பிப் போகும் தட்டு, பசியோடு கிடக்கும் ஒருவரின் சாட்சியம்.

ஐரோப்பியக் கவுன்சில் 2003இலேயே இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டிருந்தது. மருத்துவமனையில் ஊட்டக்குறை தொடர்வதற்கு அது சொன்ன காரணங்கள் ஐந்து: யார் பொறுப்பு என்ற தெளிவின்மை, ஊட்டம் பற்றிய பயிற்சிக் குறைவு, நோயாளியின் குரல் எடுபடாமை, பிரிவுகளுக்கிடையே ஒத்துழைப்பின்மை, நிர்வாகத்தின் அக்கறையின்மை. நல்ல அரிசி கிடைக்காததோ நல்ல பால் கிடைக்காததோ அந்த ஐந்தில் இல்லை.

தமிழ்நாட்டின் கணக்கு

இந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டைவிடத் தகுதியான மாநிலம் இல்லை. காமராஜர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், பின்னர் தட்டில் வந்து சேர்ந்த முட்டையும், 2022இல் தொடங்கிய காலை உணவும் ஒரே நம்பிக்கையின் தொடர்ச்சி: பசித்த பிள்ளையால் படிக்க முடியாது. அரிசியை ஒதுக்குவதோடு நிற்காமல், பிள்ளை உட்கார்ந்து உண்ணும்வரை அரசு பொறுப்பேற்றது. பசித்த உடலால் புண்ணை ஆற்ற முடியாது என்பது அதே நம்பிக்கையின் அடுத்த வரி.

அந்த அடுத்த வரியை எழுதவேண்டிய அவசரத்தை இரண்டு எண்கள் காட்டுகின்றன. ஐந்தாம் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பேறுகளில் 44.9 விழுக்காடு சிசேரியன். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நம் அறுவை அரங்குகளுக்குள் வருபவர்களில் ஒரு பெரிய கூட்டம் இளம் தாய்மார்கள் என்பதும், அவர்களில் பலர் ரத்தம் குறைந்து வருகிறார்கள் என்பதும் விளங்கும். மெண்டல்சன் ஆராய்ந்ததும் தாய்மார்களைத்தான். அன்று ஆபத்து, வயிறு நிறைந்திருந்ததால் வந்தது. இன்று நம் தாய்மார்களில் பலர் சத்துக் குறைந்து வருகிறார்கள்; அறுத்த புண்ணோடு பால் கொடுக்கவும் வேண்டியவர்களுக்கு ஒரு வாரம் பிரெட்டும் கஞ்சியும் கிடைக்கின்றன.

செய்யவேண்டியவை எளியவை. அறுவைக்குச் சேரும் ஒவ்வொருவரின் எடையும், எடை பார்க்க முடியாதபோது மேற்கைச் சுற்றளவும், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பட்டினி தொடங்கும் நேரம் அவரவர் அறுவை நேரத்தைப் பொறுத்துத் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். அறுவை தள்ளிப்போனால் உடனே சாப்பிடக் கொடுக்க வேண்டும். எவ்வளவு பரிமாறினார்கள் என்பதோடு எவ்வளவு உண்டார் என்பதும் காய்ச்சல், நாடித்துடிப்புக்குப் பக்கத்தில் பதிவாக வேண்டும். வார்டுக்கு ஒருவராவது ஊட்டுவதையே பணியாகக் கொண்டவர் வேண்டும். சத்துணவுக் கூடங்களை இத்தனை ஆண்டு நடத்திய மாநிலத்துக்கு அத்தகையவர்களைப் பயிற்றுவிப்பது கடினமன்று. டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டோடு, பருப்பு, முட்டை, மீன், தயிர், கீரை, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் சாப்பிடலாம், சீழ் பிடிக்காது என்று தெளிவான தமிழில் எழுதிய ஒரு தாளும் தர வேண்டும். அந்தத் தாளை வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துப் படித்துக்காட்ட வேண்டும்.

பெரியம்மா நான்கு மாதம் கழித்து வாக்கர் பிடித்து வாசல் வரை வந்தார். புண் ஆற அவ்வளவு நாள் ஆனதற்கு வயதைக் காரணம் சொன்னார்கள். காரணத்தில் ஒரு பங்கு லாக்கர் மேல் எட்டாமல் இருந்த தட்டு என்பது இப்போது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை என்றால் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இவருடைய எடை என்ன, எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம்? பிறகு தட்டை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, மூடியைத் திறந்து, பக்கத்தில் உட்காருங்கள்.